தீவுக்குப் போன தீப்பெட்டி

எங்கள் வீட்டில் யாரும் மழையை விரும்பியதில்லை. கோவில்பட்டியில் இருந்துகொண்டு இதை வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள். சுற்றிலும் கரிசல் காடு. பருத்தியும் கம்பும் உளுந்தும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற சனம். பள்ளிக்கூடத்தில் மழை வேண்டிப் பிரார்த்தனை நடக்கும்போது நானும் கண்ணை மூடிக் கைகூப்புவேன். அப்பாவின் முகம் நினைவுக்கு வந்ததும், ‘சாமி, ஊருக்கு வெளியே மட்டும் பெய்யட்டும்’ என்று அவசரமாகத் திருத்திக்கொள்வேன்.

அப்பா சிறிய அளவில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஆபீஸ் என்றதும் மேசை, நாற்காலி, மின்விசிறி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, அதன் முன்னால் ஒரு களம், அவ்வளவுதான். குச்சி காய வேண்டும், மருந்து காய வேண்டும், ஒட்டிய பெட்டி காய வேண்டும். அப்பாவின் தொழிலில் பாதி காயவைப்பதுதான். மேகம் கறுத்தால் ஊரே முகம் மலரும். அப்பா மட்டும் களத்துக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டிருப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருக்கும். பீடி சிகரெட் எதுவும் கிடையாது. யாராவது நெருப்புக் கேட்டால் தன் கம்பெனிப் பெட்டியை எடுத்து ஒரே உரசலில் பற்றவைத்துக் கொடுப்பதில் அவருக்கு ஒரு பெருமை.

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் அது. தொண்ணூறுகளின் தொடக்கம். மாசி மாதத்தில் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். தம்பிக்கு ஒரு தம்பி வரப்போகிறான் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். பழைய சேலையில் தொட்டில் கட்டி, நானும் தம்பியும் அதில் ஏறி ஆடி, அத்தையிடம் அடியும் வாங்கியிருந்தோம். அம்மா மட்டும் திரும்பி வந்தாள். பாப்பா சாமியிடம் போய்விட்டான் என்றார்கள். அடுத்த நாள் தொட்டிலை அவிழ்த்துவிட்டார்கள்.

துக்கம் விசாரிக்கத் தினமும் ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் ஒன்றுபோல, “நீ ஒண்ணும் எந்திரிக்காத தாயி” என்று சொல்லிவிட்டு, காபி வரும்வரை உட்கார்ந்திருந்தார்கள். அம்மா எழுந்து போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். குழாயில் எப்போதாவது ஒருநாள் தண்ணீர் வரும். அன்றைக்கு வீட்டில் இருக்கிற அண்டா, குடம், செம்பு, டம்ளர் வரை நிரப்ப வேண்டும். அதையும் அம்மாதான் நிரப்பினாள். எல்லாம் பழையபடி நடந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை.

அம்மாவின் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளால் பாதியாகச் சிரிக்க முடியாது. முதலில் வாயைப் பொத்துவாள், பிறகு தோள் குலுங்கும், கடைசியில் கண்ணில் தண்ணீர் கொட்டி, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இன்னும் சிரிப்பாள். எதற்குச் சிரித்தாள் என்பது மற்றவர்களுக்கு மறந்துபோன பிறகும் அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். அது திரும்பி வருமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் எல்லோருக்குள்ளும் இருந்தது. வாய்விட்டு யாரும் கேட்கவில்லை. அப்பா அவருக்குத் தெரிந்த ஒன்றிரண்டு வேடிக்கைக் கதைகளைச் சொல்லிப் பார்த்தார். அம்மா, “ம்” என்றாள். நான் டீச்சரைப் போலவும் கண்டக்டரைப் போலவும் நடித்துக் காட்டினேன், அதற்கும் “ம்”தான்.

வீட்டில் அத்தையும் இருந்தாள். அப்பாவுக்கு அக்கா. சின்ன வயதிலேயே தாயில்லாமல் போன அப்பாவை வளர்த்தது அவள்தான். பிறகு அவளுக்குப் புருஷன் இல்லாமல் போனபோது எங்களோடு வந்துவிட்டாள். அத்தை கெட்டவள் இல்லை. உடம்பு ஓய்ந்தால் மனசு கெட்டதை நினைக்கும், அதனால் ஓயக் கூடாது என்று நம்புகிறவள். தன் துக்கத்தை அவள் அப்படித்தான் கடந்திருந்தாள். அதனால் அம்மாவுக்கும் அதையே மருந்தாகக் கொடுத்தாள். அவள் சொல்லுக்கு எதிராக அப்பா வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அம்மாவோ, முடியவில்லை என்று சொல்லத் தெரியாதவள்.

பங்குனி பிறந்ததும் அப்பா அம்மாவை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா மருந்து எதுவும் எழுதவில்லை. யாரும் வந்து எதுவும் கேட்காத ஓர் இடத்தில் கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஓர் ஆளுக்கு எழுதித்தரக் கூடிய மருந்தா இது? வேறு யாராக இருந்தாலும் தலையை ஆட்டிவிட்டு வந்திருப்பார்கள். அப்பா அதை டானிக் போல நினைத்துக்கொண்டு தேட ஆரம்பித்துவிட்டார். அம்மாவின் பிறந்த வீட்டில் அண்ணன்மார் பெண்டாட்டிகள் இருந்தார்கள். விருந்தாளியாகப் போனாலும் அங்கே அம்மிக்கு முன்னால்தான் உட்கார வேண்டியிருக்கும். கோயில் குளம் என்று போனால் சொந்தக்காரர்கள் கூடவே வருவார்கள். கடைசியில், எங்கள் தெருமுனையில் கருவாட்டுக் கடை வைத்திருந்த பாய் மாமாவிடம் அப்பா புலம்பினார்.

“யாரும் வராத எடம் வேணும்னா, கடலுக்கு நடுவுலதான் அண்ணாச்சி இருக்கு” என்று மாமா விளையாட்டாகச் சொன்னார். சொன்ன பிறகு அவரே யோசித்தார். கருவாடு எடுக்க அவர் வேம்பார்ப் பக்கம் போய்வருகிறவர். அந்தக் கடற்கரையில் அவருக்குத் தெரிந்த ஒரு வள்ளக்காரரும் அவர் மனைவியும் மீன் காலத்தில் ஒரு சின்னத் தீவில் குடிசை போட்டுத் தங்குவார்களாம். பக்கத்தில் இன்னொரு குடிசை சும்மா கிடக்கிறதாம். இப்போது அந்தத் தீவுகளில் யாரையும் கால்வைக்க விடுவதில்லை. அப்போது அவ்வளவு கெடுபிடி இல்லை.

அத்தைக்குத் தெரிந்ததும், “பச்ச உடம்புக்காரிய தனியா அனுப்பவா? நானும் வாரேன்” என்றாள். அப்பா, “சரிக்கா” என்றார். என்னாலும் தம்பியாலும் அம்மாவை விட்டுவிட்டு இருக்க முடியாது என்பதால் நாங்களும். ஆக, யாரும் எதுவும் கேட்காத இடத்துக்கு அம்மா போவதென்று முடிவானபோது, அவளிடம் கேட்கிற அத்தனை பேரும் கூடவே கிளம்பினோம்.

மூட்டை கட்டுவதற்கே அம்மாவுக்கு இரண்டு நாள் வேலை இருந்தது. அரிசி, பருப்பு, புளி, மிளகாய்ப்பொடி, உலைப்பானை, சின்ன அம்மிக்கல் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர். எங்கள் ஊர்க்காரர்கள் எந்த ஊரையும் தண்ணீர் விஷயத்தில் நம்புவதில்லை. பிளாஸ்டிக் குடங்களில் தண்ணீர் பிடித்து, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி, பஸ்ஸில் ஏற்றினோம். “தண்ணிக்கும் டிக்கெட் போடணுமே” என்றார் கண்டக்டர். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தாள். எட்டயபுரம், விளாத்திகுளம் எல்லாம் தாண்டி வேம்பார் போய் இறங்கும்வரை ஆளுக்கொரு குடத்தை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்பா மட்டும் குடம் எடுக்கவில்லை. நீலக் காகிதம் சுற்றிய ஒரு தீப்பெட்டிப் பண்டலைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். முன்பின் தெரியாத இடத்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாதாம். அவரிடம் கொடுப்பதற்கு வேறு என்ன இருந்தது.

வள்ளக்காரர் எங்கள் குடங்களைப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, கடலுக்குத் தண்ணி கொண்டு வாரீங்க? அங்கன நல்ல தண்ணி கெடக்கே” என்றார்.

“கடலுக்கு நடுவுல நல்ல தண்ணியாம்” என்று அத்தை என் காதில் சொன்னாள். “நம்ம ஊர்ல பாதாளம் வரைக்கும் தோண்டியும் உப்புதான வருது. இவிய நம்மள என்னன்னு நெனச்சாவ?”

கடலில் போனது எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. அலை ஏறியபோது தெறித்த தண்ணீர் அப்பாவின் சட்டையை நனைத்தது. அத்தை எல்லாச் சாமியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தம்பி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டான். அம்மா ஒரு கையைத் தண்ணீரில் விட்டபடி, எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

தீவு சின்னது. உலை வைத்துவிட்டுக் கிளம்பினால் சோறு வேகுமுன் சுற்றி வந்துவிடலாம். கொஞ்சம் பனை, கொஞ்சம் தாழம்புதர், இரண்டு குடிசைகளுக்கும் நடுவில் ஒரு பெரிய பூவரசு. மண் வெள்ளையாக இருந்தது. கரிசல் மண் காலில் ஒட்டினால் லேசில் விடாது. மழைக்காலத்தில் செருப்பையே பிடுங்கிக்கொள்ளும். இந்த மண் ஒட்டவே இல்லை. நான் காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டேன்.

இறங்கிய உடனே வள்ளக்காரரின் மனைவி வந்தாள். அவளை நாங்கள் அக்கா என்றே கூப்பிட்டோம். பூவரசுக்கு அந்தப் பக்கம் எங்களைக் கூட்டிக்கொண்டு போய், சிரட்டையால் மணலைத் தோண்டினாள். முழங்கை ஆழம்கூட இருக்காது. கீழேயிருந்து தண்ணீர் ஊறி வந்தது. தெளியவிட்டு அம்மாவின் கையில் ஊற்றினாள். அம்மா குடித்தாள். பிறகு அத்தை குடித்தாள். வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டு விழுங்கினாள். இளநீர் போல இருந்தது. கொண்டுவந்த குடங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகுதான் அது நடந்தது. அத்தை குடிசை வாசலில் மூன்று கல்லைப் பொறுக்கிவந்து வைத்து, பனை மட்டையை ஒடித்துப் போட்டு, “ஏட்டி, பொழுது சாயுது பாரு, அடுப்பப் பத்தவச்சு ஒலைய வையி” என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா சட்டைப் பையிலிருந்த பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அம்மா உரசினாள், குச்சியின் தலை மாவாக உதிர்ந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. அலை தெறித்ததில் பெட்டி முழுக்க நமத்துப்போயிருந்தது.

“பண்டல் இருக்குல்ல” என்றாள் அத்தை.

அப்பா பண்டல் இருந்த இடத்துக்குப் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினார். காற்றுக்கு மறைப்பாக அப்படித்தான் உட்காருவார். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார். ஒருமுறை தலையைத் திருப்பி, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, “எல்லாம் நமத்துப்போச்சுக்கா. ஒண்ணுகூட தேறாது” என்றார்.

இருபது வருஷமாகத் தீப்பெட்டி போடுகிற மனிதர் வாயிலிருந்து வந்த சொல். அதை யார் சோதித்துப் பார்ப்பார்கள்? அத்தை தலையில் கைவைத்துக்கொண்டாள். பக்கத்துக் குடிசையில் புகை வருவதைப் பார்த்ததும், “அப்ப அங்கன போயி ஒரு கொள்ளிக்கட்ட வாங்கிட்டு வா” என்றாள்.

அப்பா நிமிர்ந்தார். “என்னக்கா சொல்லுத? ஊருக்கெல்லாம் நெருப்பு விக்கிறவன், அடுத்தவிய அடுப்புல போயி நெருப்புக் கேக்கவா? தொழிலுக்கு ஆகுமா?”

தொழிலுக்கு ஆகாது என்ற வார்த்தை அத்தையே அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தது. எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. வெள்ளிக்கிழமை உப்புக் கொடுப்பதிலிருந்து விளக்கு வைத்த பிறகு குப்பை அள்ளுவது வரை அவள் ஆயிரம் ‘ஆகாது’ வைத்திருந்தாள். அப்பா தன் பங்குக்கு ஒன்றே ஒன்று சேர்த்ததை அவளால் மறுக்க முடியவில்லை.

பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்த அக்கா, “சோறு வாங்கலாமா அண்ணாச்சி? அதுக்கும் ஆகாதா?” என்று கேட்டாள்.

“சோறு வேற, நெருப்பு வேற” என்றார் அப்பா, தயங்காமல்.

இந்தக் கணக்கு எனக்கு அப்போதே சரியாகப் படவில்லை. ஒரு கட்டை நெருப்பு வாங்கினால் மானக்கேடு. ஐந்து பேருக்கு வேளாவேளைக்குச் சோறும் மீன் குழம்பும் வாங்கினால் ஒன்றுமில்லை. நாங்கள் கொண்டுபோன அரிசி பருப்பையெல்லாம் அப்பா அக்காவின் குடிசையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். மூன்று கல் அடுப்பு பற்றாமலே கிடந்தது. கடைசி நாள்வரை தம்பி அதில் சிப்பி அடுக்கி விளையாடினான்.

அம்மாவுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. மறுநாள் காலையில் நான் கண்விழித்தபோது, பனங்குருத்தைக் கட்டி விளக்குமாறாக்கி, குடிசை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மணலைக் கூட்டினால் கீழேயும் மணல்தான் இருக்கிறது. அதையும் கூட்டினாள். கூட்டிக் கூட்டி அலை வருகிற இடம்வரை போய்விட்டாள்.

“அக்கா, தீவக் கூட்டி முடிச்சவிய யாரும் கெடையாது” என்றாள் வள்ளக்காரரின் மனைவி. அம்மா தன் கையிலிருந்த விளக்குமாற்றைப் பார்த்தாள். அதை மெதுவாகக் கீழே போட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் பூவரசு நிழலில் அம்மா தூங்கினாள். பகல் வெளிச்சத்தில் அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. பாப்பா போன இடத்துக்கு இவளும் போய்விட்டால் என்ன செய்வது? மூக்குக்கு முன்னால் விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு சூடாக வந்தது. இருந்தாலும் நம்பிக்கை வராமல், அவள் எழுந்திருக்கும்வரை அங்கேயே உட்கார்ந்து ஈ விரட்டினேன்.

அதற்குப் பிறகு அவள் தினமும் தூங்கினாள். தூங்கி எழுந்து, ஊற்றுத் தண்ணீரைச் சொம்பு சொம்பாக மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். எங்கள் வீட்டில் குளிப்பதற்கு ஆளுக்கு ஒரு வாளிதான். இங்கே எடுக்க எடுக்க ஊறியது. தலையை நனைத்து, சீயக்காய் தேய்த்து, அலசி, மறுபடியும் அலசி, போதும் என்று யாரும் சொல்லாததால் இன்னும் ஒருமுறை அலசினாள். தண்ணீர் வீணாகிறதே என்று அத்தை வாயைத் திறந்தாள். எங்கே வீணாகிறது, மணலுக்குள்தானே போகிறது என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும், மூடிக்கொண்டாள்.

அத்தைக்கு முதல் நாள் காபி இல்லாமல் மண்டை வெடித்தது. நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். அக்கா கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்ததும் கட்டை அவிழ்த்தாள். பிறகு பொழுதுக்கும் அவள் குடிசையிலேயே உட்கார்ந்து, மீன் கழுவிக் கொடுத்து, குழம்புக்குப் புளி போதாது என்று சண்டை போட்டு, தனக்கு வேண்டிய வேலையைத் தேடிக்கொண்டாள்.

சாயங்காலங்களில் அம்மாவும் அக்காவும் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருப்பார்கள். அலை அவர்களைக் கொஞ்சம் தூக்கி, கொஞ்சம் இறக்கும். ஒருநாள் சிப்பி காட்டுவதற்காக நான் ஓடியபோது, “எனக்கும் ரெண்டு போச்சு அக்கா. மூத்ததுக்கு இன்னும் பேரு சொல்லித்தான் நெனப்பேன்” என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. “கடத்தண்ணி பட்டா கண்ணு செவந்துரும், நீ மூஞ்சி கழுவிராத” என்றாள் அம்மா. நான் அதை நம்பி, கடல் பக்கம் போகும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். காபி போட வேண்டிய அவசியம் இல்லாமல் அம்மாவிடம் ஒருவர் துக்கம் விசாரித்தது அந்தக் கடலுக்குள்தான் முதல்முறை.

இடையில் ஒருநாள் அம்மா சீப்புக் கேட்டாள். அவளுடைய மஞ்சள் பையில் தேடியபோது கற்பூர டப்பா கையில் தட்டுப்பட்டது. ஆட்டினால் கலகலவென்று சத்தம். திறந்து பார்த்தேன். கற்பூரத்துக்கும் திருநீற்றுப் பொட்டலத்துக்கும் நடுவில் புத்தம்புதிய தீப்பெட்டி ஒன்று, எங்கள் கம்பெனி லேபிளோடு இருந்தது. ஏதோ புதையல் கிடைத்த மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

அம்மா என் கையிலிருந்து அதை வாங்கினாள். அக்காவின் குடிசையில் அத்தையின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. “இது சாமிக்கு உள்ளது. அடுப்புக்கு எடுக்கக் கூடாது. யார்ட்டயும் சொல்லாத” என்று மெதுவாகச் சொல்லி, டப்பாவுக்குள் வைத்து, மூடியை அழுத்தி மூடினாள். சாமிக்கு உள்ளது என்றால் சரிதான். அத்தனை நாளும் சாமிக்கு ஒரு சூடம்கூட நாங்கள் கொளுத்தவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்பா தீவில் என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தார். தம்பிக்குக் குச்சி அடுக்கக் கற்றுக்கொடுத்தார். மேகத்தைப் பார்த்தார். படுக்கும்போது அந்த நீலக் காகிதப் பண்டலைத் தலைக்கு வைத்துக்கொண்டார். நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. “அப்பா, மழைக்காலத்துல நம்ம களத்துல காயப்போடுத மாதிரி இதையும் காயப்போட்டா என்ன? சரியாயிரும்ல?” என்று கேட்டேன். என் அறிவை மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன்.

அப்பா பண்டலை இன்னும் கொஞ்சம் தலைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். “கடல் வெயில் தீக்குச்சிக்கு ஆகாதும்மா. மருந்து முறிஞ்சிரும்” என்றார். ஊருக்குப் போனதும் இதை நான் என் வகுப்பில் எல்லோருக்கும் சொன்னேன். தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளை சொல்கிறாளே என்று டீச்சரும் கேட்டுக்கொண்டார்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, மேற்கே கரைப்பக்கம் வானம் கறுத்தது. எங்கள் தலைக்கு மேலே வெயில். தூரத்தில் கோவில்பட்டி இருக்க வேண்டிய திசையில் மேகம் திரண்டு, அவ்வப்போது மின்னியது. கோடை மழை. களத்தில் குச்சி காய்ந்துகொண்டிருக்கும். ஆட்கள் இருந்தாலும், அப்பா நின்று கத்தினால்தான் அள்ளுவார்கள். அவர் தண்ணீர் ஓரத்தில் போய் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்துவிட்டார், மறுபடி கட்டினார்.

“ஏலே தம்பி, கெளம்பிருவோம். சொத்து நனையுது” என்றாள் அத்தை, அப்பாவிடம்.

பூவரசு நிழலில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். தம்பி அவள் வயிற்றில் தலைவைத்துப் படுத்திருந்தான். அப்பா அந்தப் பக்கம் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார். “இன்னைக்கு வள்ளம் எடுக்கக் கூடாதாம்க்கா. கடல் சரியில்லன்னு சொல்லுதாவ” என்றார். வள்ளக்காரர் காலையிலிருந்தே வலையைப் பிரித்துப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். அப்பா அவர் பக்கமே போகவில்லை. கடல் தகடு மாதிரிக் கிடந்தது. நாங்கள் ஊர் திரும்பியபோது களத்தில் காய்ந்த குச்சி மொத்தமும் வீணாகியிருந்தது. அதற்காக அப்பா யாரையும் ஏசவில்லை. அவர் உடம்புக்கு ஏதும் செய்கிறதோ என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்களாம்.

புறப்பட்ட நாளில் அம்மா ஊற்றுத் தண்ணீரை ஒரு குடம் பிடித்துக்கொண்டாள். அக்கா அவள் தலையில் தாழம்பூ ஒன்றைச் செருகிவிட்டு, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் காதில் விழவில்லை. அம்மாவின் முகம் நன்றாகத் தெளிந்திருந்தது. கறுத்திருந்தாள், ஆனால் தெளிந்திருந்தாள். என்றாலும், சிரிப்பு வரவில்லை. அது அந்தத் தீவிலும் இல்லை போல என்று நினைத்துக்கொண்டு நான் வள்ளத்தில் ஏறினேன்.

அத்தை ஏறியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சாய்ந்துவிட்டாள். அலையைப் பார்க்காமலிருந்தால் குமட்டாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. அப்பா பண்டலை மடியில் வைத்துக்கொண்டு, கரையைப் பார்த்தபடி எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். பாதித் தூரம் வந்ததும் வள்ளக்காரர் காதில் செருகியிருந்த பீடியை எடுத்து வாயில் வைத்தார். இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, நெருப்பு இருக்கா?” என்று கேட்டார்.

இருபது வருஷப் பழக்கம். அப்பா யோசனை கலையாமலே நீலக் காகிதத்தைக் கிழித்தார், ஒரு பெட்டியை எடுத்தார், இரண்டு கையையும் குவித்து ஒரு குச்சியை உரசினார். கடற்காற்றிலும் ஒரே உரசலில் பற்றிக்கொண்டது. வள்ளக்காரர் குனிந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, மறுபடி வள்ளத்தின் பின்பக்கம் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அப்பா கையில் எரிகிற குச்சியையே பார்த்தார். விரலைச் சுட்டதும்தான் கீழே போட்டார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பினார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பயந்துபோனேன். சண்டை வரும் என்று நினைத்தேன். அம்மா முதலில் அத்தை தூங்குகிறாளா என்று பார்த்தாள். பிறகு மஞ்சள் பையைத் திறந்து, கற்பூர டப்பாவை எடுத்து, அதிலிருந்த தீப்பெட்டியை வெளியே எடுத்தாள். எட்டி, அப்பாவின் சட்டைப் பையில் போட்டாள். அப்பா அதை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். நன்றாகக் காய்ந்த குச்சிகள் கலகலவென்று சத்தம் போட்டன. அவர் அந்தப் பெட்டியைப் பார்த்தார், மடியிலிருந்த பண்டலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

அம்மா வாயைப் பொத்தினாள். தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தம் வெளியே வந்துவிடாமலிருக்க முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள், அடங்கவில்லை. அப்பாவும் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு குலுங்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்ட அம்மா சிரித்தாள். எதற்கென்றே தெரியாமல் தம்பியும் சேர்ந்து சிரித்தான். “என்னட்டி அங்கன?” என்று முந்தானைக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்ததும் அம்மா இன்னும் அதிகமாகச் சிரித்தாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. அம்மாவைச் சிரிக்க வைக்க நான் எத்தனை பாடுபட்டிருந்தேன். நமத்துப்போன குச்சிக்கு ஊர்க் காற்று பட்டதும் உயிர் வந்திருக்கிறது, சாமிக்கு வைத்திருந்த பெட்டி மிச்சமாகிவிட்டது, இவ்வளவுதானே நடந்திருக்கிறது? வீடு நிறையத் தீப்பெட்டி வைத்திருக்கிற இவர்கள், ஒரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இப்படியா சிரிப்பார்கள் என்று, கரை வரும்வரை யோசித்துக்கொண்டே இருந்தேன்.